கீழ் வகுப்பில் இடம் கேட்ட லயனல்

லயனல் ஸாண்டெல் இறந்த பிறகு, ஜெருசலேமில் பயித் வெகன் பகுதியின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் துக்கத்துக்கு உட்கார்ந்திருந்த ஏழு நாளும், வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யூத வழக்கப்படி கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மனைவி யோஹெவெடும் பிள்ளைகளும் கால் குட்டையான நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் வந்தவர்கள் முதலில் பேசக்கூடாது. வீட்டுக்காரர்கள் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யோஹெவெட் அவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பாள்.

"சொல்லுங்க. நீங்களும் அந்த ஒரு பக்கத்தோட கதையைத்தானே சொல்லப் போறீங்க?"

அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியாது. கீழ் வீட்டிலிருந்து ஒருவர் என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்து, கதவருகே நின்று பார்த்து, தானும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

லயனல் எழுபது வயதைத் தாண்டிய மனிதர். திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தார். கடை திறப்பதற்கு முன்னால் தினமும் காலையில் யெஷிவா என்கிற யூத வேதப் பள்ளி ஒன்றின் நிலவறை வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். பெரிய பண்டிதர் இல்லை. உலகம் அறிந்தவரும் இல்லை. ஆனால் அவர் அந்த பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்த கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். அது நடந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. ஆகவே இனிமேல் அவன் என்றே சொல்லலாம்.

கார்டிஃப் நகரத்தில் லயனலின் மாமா சிட் ஒரு கார்ப்பெட் கடை வைத்திருந்தார். லயனல் அதில் வேன் ஓட்டினான், கார்ப்பெட் சுருட்டினான், வீடுகளுக்குப் போய் விரித்துக் கொடுத்தான். மதத்தில் அவனுக்குப் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. ஹீப்ரு எழுத்துகளைத் திக்கித் திணறிக் கூட்டி வாசிப்பான். அர்த்தம் தெரியாது.

அவன் அப்பா இறந்தபோது, மகன் சொல்லவேண்டிய காதிஷ் பிரார்த்தனையை அவன் பதினோரு மாதம் சொன்னான். அதற்கு ஆண்கள் பத்துப் பேர் கூடவேண்டும். கார்டிஃப் ஜெபாலயத்தில் காலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் சேர்வதென்றால் யாராவது யாருடைய வீட்டுக் கதவையாவது தட்டவேண்டும். அப்படித் தட்டி, எழுப்பி, வேனில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்து அவன் தினமும் சொன்னான். கடைசி நாளன்று கிழவர் ஃபோகல் அவன் தோளைத் தட்டினார்.

"முடிஞ்சுதுப்பா. நாளையிலேர்ந்து நல்லாத் தூங்கு."

மறுநாள் அதே நேரத்துக்கு அவனுக்கு விழிப்பு வந்துவிட்டது. படுத்துப் பார்த்தான். எழுந்து போனான். அடுத்த நாளும் போனான். ஒரு வருஷம் முழுக்க வாயால் சொன்னது என்னவென்று தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவனை உறுத்த ஆரம்பித்தது. அப்பாவின் அலமாரியில் தடித்தடியாக கெமாரா என்கிற பழைய சட்ட விவாத நூல்கள் இருந்தன. அப்பாவின் அப்பா வாசித்தவை. அப்பாவுக்கே வாசிக்கத் தெரியாது. அவற்றில் ஒன்றை எடுத்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானே வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஆங்கிலத்தில் சொல்லித் தருகிற ஒரு யெஷிவா வேண்டும். அதுவும் ஒன்றும் தெரியாதவனைச் சேர்த்துக்கொள்கிற யெஷிவா. அது ஜெருசலேமில்தான் கிடைக்கும் என்றார்கள்.

சிட் மாமா முதலில் குதித்தார்.

"டேய், இருபத்தொன்பது வயசுல பள்ளிக்கூடம் போறியாடா? உன் வயசுல எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ஒரு கடை, வயித்துல புண்ணு."

"ஒரு குளிர்காலம் மட்டும், மாமா."

"வசந்தத்துல பெசாக் பண்டிகை வரைக்கும் வேலையை வச்சிருக்கேன். அதுக்கப்புறம் வேன் சாவி வேற ஆள் கைக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

ஜெபாலயத்து ரெவரெண்ட் ப்ளாட்கின்தான் அவனுக்கு வழி சொன்னார். "எந்த யெஷிவாவுக்குப் போனாலும் தலைவர் உன்னைக் கூப்பிட்டு, 'என்ன படிச்சிருக்கே, சொல்லு'ம்பார். எந்தப் பக்கம்னு நீதான் சொல்லணும். அதுதான் வழக்கம். அதனால ஒரே ஒரு பக்கத்தை நல்லா தயார் பண்ணிக்க. வாசல் திறந்துடும்."

இரண்டு பேர் ஒரே துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, என்னுடையது என்று அடித்துக்கொள்கிற பக்கத்தை ரெவரெண்ட் தேர்ந்தெடுத்தார். கார்ப்பெட் கடைக்காரனுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார். அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை, கேள்வி, பதில், எதிர்க்கேள்வி, விளக்கம் எல்லாவற்றோடும் ஒரு கேசட்டில் பேசிக் கொடுத்தார். லயனல் வேனில் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டான். ஸ்வான்ஸீக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. கோடைக்காலம் முடிவதற்குள் கேசட் அவனுக்குள் இறங்கிவிட்டது. ஓரிடத்தில், ஒரு கடினமான கேள்விக்குப் பிறகு, ரெவரெண்ட் நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார். உள்ளிருந்து அவர் மனைவி டீ ஆறிப்போகிறது என்று கத்தியதற்கு விட்ட பெருமூச்சு அது. மனைவியின் குரல் கேசட்டில் விழவில்லை. பெருமூச்சு மட்டும் விழுந்திருந்தது. லயனல் அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிட்டான்.

இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிந்து, யெஷிவாக்களில் குளிர்காலப் படிப்பு தொடங்கிய வாரத்தில் அவன் ஜெருசலேமில் வந்து இறங்கினான்.

முதலில் போன இடம் ஒரு குன்றின் மேல் இருந்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடினார்கள். கிடார் இருந்தது. பருப்பு சூப் பிரமாதமாக இருந்தது. ஒரு வாரம் போயும் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"பக்கம் எப்ப திறப்பீங்க?" என்று தாடிக்காரன் ஒருவனைக் கேட்டான்.

"முதல்ல மனசு திறக்கட்டும் அண்ணே. பக்கம் எங்க ஓடியா போகுது?"

இரண்டாவது இடத்தில் பாடமெல்லாம் ஆங்கிலம் என்று சொன்னார்கள். ஆசிரியர் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் யித்திஷ் மொழிக்குத் தாவியவர் திரும்பி வரவே இல்லை. லயனல் பக்கத்தில் இருந்தவனிடம் குனிந்து, "இது இங்கிலீஷ் வகுப்புதானே?" என்று கேட்டான்.

"ஆமா. நோட்டீஸ் போர்டைப் பாருங்க. எல்லாம் இங்கிலீஷ்தான்."

மூன்றாவது இடத்தில் எல்லோரும் பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்த பையன்கள். படிக்கட்டில் யாரோ தண்ணீர் நிரப்பிய பலூனை எறிந்தார்கள். கண்காணிப்பாளர் ஓடிவந்து, நனைந்து நின்ற லயனலிடம் மன்னிப்புக் கேட்டார். "நீங்க யாரோட அப்பா?"

நான்காவது இடம் பழைய கல் கட்டடம். தலைவர் ரபி ஸெலிக் ஹார்ட்ஸ்டைன் ஒல்லியாக, உயரமாக, மேஜை நிறையப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். லண்டனில் பிறந்தவர். லயனலுக்கு அந்தக் குரலைக் கேட்டதுமே பாதி உயிர் வந்தது.

"வாங்க. என்ன படிச்சிருக்கீங்க?"

லயனல் தன் பக்கத்தைச் சொன்னான்.

"சரி, சொல்லுங்க கேப்போம்."

கண்ணை மூடினான். மனத்துக்குள் வேன் ஸ்வான்ஸீ சாலையில் ஏறியது. துணியைப் பிடித்த இருவரும் வந்தார்கள். கேள்வி வந்தது, பதில் வந்தது, எதிர்க்கேள்வி வந்தது. கடினமான இடம் வந்ததும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். ரபி ஹார்ட்ஸ்டைன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தவர்கள்தான் அந்த இடத்தில் அப்படி மூச்சு விடுவார்கள். அவரே அங்கே விடுவதுண்டு. லயனல் கடைசிவரை போய்ச் சேர்ந்து, கண்ணைத் திறந்து, உள்ளது உள்ளபடி சொன்னான்.

"இதைத் தவிர எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஐயா."

ரபி மெதுவாகத் தலையசைத்தார். அந்த வட்டாரத்தில் நிஜமான பண்டிதர்கள் யாரும் தனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டார்கள். எவ்வளவுக்கெவ்வளவு படித்தவரோ அவ்வளவுக்கவ்வளவு 'எனக்கென்ன தெரியும்' என்பார். சிறு பையனிலிருந்து எல்லோருக்கும் பழகிப்போன மரியாதை அது.

"உங்களை மேல் வகுப்புல போட்டிருக்கேன், ரெப் லயனல்" என்றார்.

மேல் வகுப்பு இரண்டாம் மாடியில். அங்கே படித்தவர்களை மரியாதையாக ரெப் என்று கூப்பிடுவார்கள். லயனல் அந்த 'ரெப்' யாருக்கு என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

மேல் வகுப்பிலும் பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது 'ஆனால்', 'அப்படின்னா', 'எப்படிச் சொல்றே?' என்ற மூன்றும்தான். நடுவில் இருந்ததெல்லாம் வேறு. இருவர் இருவராக எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கத்தி, வாதாடிப் படிக்கவேண்டும். லயனலுக்குத் துணையாக ப்ரூக்ளின் பையன் ஹெஷி கிடைத்தான். பத்தொன்பது வயது. ரயில் மாதிரி பேசுவான். லயனல் ஒன்றும் புரியாமல் பேசாமல் இருப்பான். ஹெஷி அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்து, தான் சொன்னதில் என்ன ஓட்டை என்று தானே தேடிக் கண்டுபிடித்து, "ஆமா, நீங்க நினைக்கிறதுதான் சரி" என்பான்.

"ஹெஷி, நான் ஒண்ணும் நினைக்கல. எனக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாது."

"அதைச் சொல்றதுக்கே எவ்வளவு தெரிஞ்சிருக்கணும், ரெப் லயனல்!"

ஒரு நாள் தாங்கமுடியாமல் லயனல் பக்கத்தின் நடுவில், அதில் வாதாடுகிற பண்டிதர் ஒருவரின் பெயரில் விரல் வைத்துக் கேட்டான். "இந்த ஆளு இன்னும் பேசிக்கிட்டிருக்காரா, இல்ல போயிட்டாரா?"

ஹெஷி வாயைத் திறந்தான். மூடினான். பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தான். எழுந்து பக்கத்து மேஜைக்குப் போனான். அங்கிருந்து இருவர் எழுந்து இன்னொரு மேஜைக்குப் போனார்கள். மாலைக்குள் படிப்பு மண்டபமே இரண்டு கட்சியாகப் பிரிந்து, அந்த ஆள் பேசிக்கொண்டிருக்கிறாரா போய்விட்டாரா என்று கத்திக்கொண்டிருந்தது. அந்த வார உரையில் ரபி ஹார்ட்ஸ்டைன், "நம்ம ரெப் லயனல் எழுப்பின கேள்வி" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். தன்னுடைய கேள்வியைப் பற்றிய உரையில் லயனலுக்குப் புரிந்தது தன் பெயர் மட்டும்தான்.

இப்படியே ஹனுக்கா பண்டிகை வந்துவிட்டது. ஊரெல்லாம் ஜாம் வைத்த டோனட் வாசனை. பாதிக் குளிர்காலம் போய்விட்டது. லயனல் இன்னும் ஒரு வரி சொந்தமாக வாசிக்கவில்லை. கார்டிஃபில் வேனில் ஒரு பக்கமாவது கற்றான். இங்கே அதுவும் இல்லை. இப்படியே பெசாக் வந்து, தான் அப்பாவின் அலமாரிக்கு முன்னால் போய் நின்றால், புத்தகம் திறக்கும், கண் திறக்காது. அதை நினைத்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் கீழிருந்து வருகிற சத்தம் அவன் காதில் விழுந்தது. சமையலறைக்குப் பக்கத்தில் நிலவறையில் ஒரு வகுப்பு நடந்தது. யாரோ திக்கித் திணறி வாசிப்பார்கள். யாரோ "தப்பு!" என்று கத்துவார்கள். உடனே ஒரு பெரிய சிரிப்பு. பிறகு மேஜையை எல்லோரும் சேர்ந்து தட்டுகிற சத்தம். ஒரு வரி முடிந்தால் தட்டுவார்களாம். ஒன்றும் தெரியாதவர்களுக்கான கீழ் வகுப்பு அது. சிகாகோவிலிருந்து வந்த ரபி துவியா சொல்லித்தந்தார். ஜொஹன்னஸ்பர்கில் பல் வைத்தியராக இருந்த மார்வின், மெல்போர்னில் கல்யாண வீடுகளில் டிரம் அடித்த ஜோயல், இன்னும் சிலர். லயனல் இத்தனை நாள் தேடியது தன் காலுக்கடியிலேயே இருந்தது.

மறுநாள் படியிறங்கி அந்தக் கதவைத் திறந்தான். உள்ளே இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மார்வின் அவசரமாக டோனட்டை மேஜைக்கடியில் மறைத்தான்.

"ரெப் லயனல்!" ரபி துவியாவுக்கு முகம் வெளுத்தது. "சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? இன்னிக்குப் பார்த்து இவங்க ரொம்ப மோசமா வாசிக்கறாங்க."

"நான் சோதிக்க வரல. படிக்க வந்தேன்."

ரபி துவியா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்தார். "கேட்டீங்களா? இவ்வளவு பெரிய மனுஷன் நம்மகிட்ட படிக்க வந்தேங்கறார். அடக்கம்னா இதுதான். மறந்துடாதீங்க."

"கடவுளே" என்றான் லயனல்.

"பாருங்க, எதுக்கெடுத்தாலும் கடவுள் பேருதான்" என்றார் ரபி துவியா.

லயனல் மறுபடி படியேறினான்.

அந்த வாரத்தில்தான் ஹெஷியின் அத்தை கோல்டா லயனலுக்குப் பெண் பார்த்தாள். மான்செஸ்டர்காரி, பெயர் யோஹெவெட், ஜெருசலேமில் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நர்ஸ். ஒரு ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் சந்திக்க ஏற்பாடு. அந்தக் கூடத்தில் அன்று அவர்களைப் போலவே பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க வந்த ஜோடிகள் ஆறேழு. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் இரண்டு கோலா. எல்லோரும் பரீட்சை எழுதுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லயனல் கோலாவைத் தொடவில்லை.

"உங்களைப் பத்தி ரொம்பச் சொன்னாங்க" என்றாள் யோஹெவெட்.

"எல்லாம் தப்பு."

"எல்லாம் தப்புன்னு சொல்வீங்கன்னும் சொன்னாங்க."

லயனலுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "பாருங்க. எனக்கு ஒரே ஒரு பக்கம்தான் தெரியும். கார்ப்பெட் வேன்ல கேசட் போட்டு மனப்பாடம் பண்ணினேன். ஒரு பக்கத்தை நானா வாசிக்கணும்னு இங்க வந்தேன். வந்த நாளா ஒரு வரி வாசிக்கல. தெரியாதுன்னு சொல்லச் சொல்ல எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. நேத்து ஒரு கிழவர் எனக்கு பஸ்ல இடம் குடுத்தார்!"

யோஹெவெட் அவனையே பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைக் கையால் பொத்தியும் அடங்கவில்லை. பக்கத்து ஜோடிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் எதிரில் இருந்தவனைப் பார்த்து, நீயும் இப்படி ஏதாவது சொல்லக்கூடாதா என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க நம்பறீங்களா?" லயனலால் நம்பமுடியவில்லை.

"பிரசவ வார்டுல வேலை பாக்கறேன். யாருக்கு நிஜமா வலிக்குது, யாரு சும்மா கத்தறாங்கன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்."

"இப்ப நான் என்ன பண்றது?"

"தெரியாது தெரியாதுன்னு வாயால சொன்னா இந்த ஊர்ல யாரும் நம்பமாட்டாங்க. தலைவர்கிட்ட போங்க. வேற எந்தப் பக்கத்தையாவது திறக்கச் சொல்லுங்க."

இவ்வளவு சுலபமான வழி தனக்குத் தோன்றவில்லையே என்று லயனல் நெற்றியைத் தேய்த்தான். உடனே இன்னொன்று தோன்றியது. "நான் அப்படிப் போனா, கோல்டா அத்தை இந்தப் பேச்சையே விட்டுடுவாங்களே. படிச்ச மாப்பிள்ளைன்னுதானே உங்ககிட்ட சொன்னாங்க?"

"படிச்ச மாப்பிள்ளைங்க இதே நாற்காலியில நாலு பேர் உட்கார்ந்துட்டாங்க. ஒருத்தரும் என்னைச் சிரிக்க வைக்கல. அத்தையை நான் பாத்துக்கறேன். நீங்க முதல்ல போய்த் தோத்துட்டு வாங்க." கோலாவை அவன் பக்கம் தள்ளினாள். "குடிங்க. உதடு காஞ்சிருக்கு."

மறுநாள் காலை லயனல் ரபி ஹார்ட்ஸ்டைனின் அறைக்குப் போனான். ஹெஷியும் ஏதோ பாடச் சந்தேகம் கேட்க அங்கே நின்றிருந்தான்.

"ஐயா, என்னை மறுபடி சோதிக்கணும். பக்கத்தை நீங்களே திறங்க. எதுவா இருந்தாலும் சரி."

ரபியின் கண் மின்னியது. எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி என்று சொல்கிற மேதைகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். நேரில் பார்த்ததில்லை. ஹெஷி பயபக்தியோடு சுவரோரம் ஒதுங்கினான். ரபி ஒரு தடித்த நூலை எடுத்து நடுவில் திறந்து நீட்டினார்.

லயனல் முதல் சொல்லின் முதல் எழுத்தில் விரல் வைத்தான். கூட்டினான். தப்பாகக் கூட்டினான். திரும்ப ஆரம்பித்தான். இரண்டாவது சொல்லைத் தொடுவதற்குள் அறை மூலையில் கெட்டில் கொதித்து, தானே அணைந்தது. ரபி புன்னகையோடு காத்திருந்தார். இன்னும் ஏதோ ஆழமாக வரப்போகிறது என்று இருந்தார். பிறகு புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. வேறு பக்கம் திருப்பினார். அதுவும் அப்படியே. கடைசியில், துணியைப் பிடித்த இருவரின் பக்கத்தையே திறந்து நடு வரியைக் காட்டினார்.

"இங்கேருந்து?"

"நடுவுல இருந்து வராது ஐயா. மொதல்லேருந்து ஓட்டணும்."

"ஏன்?"

"கேசட்."

ரபி ஹார்ட்ஸ்டைன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்தப் பெருமூச்சு?"

"அது எங்க ரெவரெண்டோடது. அவர் மனைவி டீக்குக் கூப்பிட்டாங்க."

அவர் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். பிறகு ரபியின் தோள் குலுங்கியது. முதலில் அவர் அழுகிறார் என்று ஹெஷி பயந்துபோனான். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அந்த ஆளு போயிட்டாரான்னு கேட்டது?" என்றான் ஹெஷி, குரல் உடைய.

"நிஜமாவே தெரியாமத்தான் கேட்டேன், ஹெஷி."

"மூணு நாள் நான் தூங்கல!"

"நானும் நிஜமாவே தெரியாமத்தான் முக்கால் மணி நேரம் பேசினேன்" என்றார் ரபி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கல. அது நல்ல கேள்வி, அது இருக்கட்டும்." பிறகு அவர் குரல் தணிந்தது. "நீங்க முதல் நாளே சொன்னீங்க. இதைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு. நான்தான் காதுல வாங்கல. நம்ம ஆளுங்களுக்கு இது ஒரு வியாதி. தெரியாதுங்கறவன் எல்லாரும் பெரியவன்னு நினைச்சுக்கறது. ஒருத்தன் நிஜத்தைச் சொன்னா எங்க வைக்கிறதுன்னு தெரியாது. உங்க குளிர்காலத்துல பாதியை நான் தின்னுட்டேன்."

"மீதிப் பாதி இருக்கு ஐயா."

"என்ன வேணும்?"

"கீழ் வகுப்புல ஒரு இடம்."

"இந்த யெஷிவா ஆரம்பிச்ச நாளா மேல போகணும்னு என்கிட்ட அழுதவங்களைத்தான் பார்த்திருக்கேன்." ரபி எழுந்து அவன் தோளில் கை வைத்தார். "அப்ப இங்க என்னப்பா பண்றே? ஓடு. வகுப்பு ஆரம்பிச்சிருக்கும்."

அவர் தன்னை நீ என்று கூப்பிட்டது லயனலுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. ஹெஷி படிக்கட்டுவரை கூடவே வந்தான்.

"ரெப் லயனல்…"

"வெறும் லயனல்."

"லயனல், மத்தியான இடைவேளையில நான் கீழ வரவா? உங்க வகுப்புல என்ன கேள்வி கேக்கறாங்கன்னு பாக்கணும்."

"டோனட் வாங்கிட்டு வா. சேர்த்துக்குவாங்க."

அந்தக் குளிர்காலம் முடிந்தும் லயனல் கார்டிஃபுக்குத் திரும்பவில்லை. நடுவில் துளையிட்ட டெலிபோன் காசுகளை ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போய் மாமாவைக் கூப்பிட்டான். "வேன் சாவியை வேற ஆளுக்குக் குடுத்துடுங்க மாமா."

"பாஸ் பண்ணிட்டியாடா?"

"ஃபெயில் ஆயிட்டேன். அதான் சேர்த்துக்கிட்டாங்க."

மாமா அதைக் கார்டிஃப் முழுக்கச் சொல்லிச் சிரித்தாராம். கோல்டா அத்தை மட்டும் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு கல்யாணத்தில் அவள்தான் முதலில் ஆடினாள். ரெவரெண்ட் ப்ளாட்கினும் மனைவியோடு வந்திருந்தார். லயனல் அந்த அம்மாளுக்குத் தானே ஒரு கோப்பை டீ கொண்டுபோய்க் கொடுத்து நன்றி சொன்னான். எதற்கு நன்றி என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பின்னாளில் வருஷாவருஷம் ரபி ஹார்ட்ஸ்டைன், "இப்பவாவது மேல வரியா?" என்று கேட்பார். "எனக்கு ஒண்ணும் தெரியாதே ஐயா" என்பான் லயனல். இருவரும் சிரிப்பார்கள். இதெல்லாம் பிற்பாடு நடந்தவை.

அன்று காலை அவன் படியிறங்கி மறுபடி அந்தக் கதவைத் திறந்தான். மறுபடி எல்லோரும் எழுந்தார்கள்.

"உட்காருங்க, உட்காருங்க" என்றான் லயனல். "இப்பத்தான் மேல தோத்துட்டு வரேன். ரெண்டு சொல்லைத் தாண்டல."

ரபி துவியா வாயைத் திறப்பதற்குள் மார்வின் கேட்டான். "நிஜமாவா?"

"தலைவரையே கேளுங்க."

"எந்தச் சொல்லுல விழுந்தீங்க?"

லயனல் சொன்னான். ஜோயல் மேஜையை அடித்தான். "எனக்கும் அதே சொல்லுதான்யா! ரெண்டு வாரமா அதுலேயே கிடந்தேன்!"

மார்வின் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். லயனல் உட்கார்ந்தான். யாரோ ஒரு நூலை அவன் முன்னால் தள்ளினார்கள். அவன் கேசட்டில் கேட்டிராத, வாழ்நாளில் பார்த்திராத பக்கம். சர்க்கரைத் தூள் அங்கங்கே சிந்தியிருந்தது. ரபி துவியா முதல் எழுத்தைக் காட்டினார்.

"இது என்ன?"

லயனல் சொன்னான்.

"தப்பு!" என்று எல்லோரும் சந்தோஷமாகக் கத்தினார்கள்.

திரும்பச் சொன்னான். இந்தத் தடவை சரி. அடுத்த எழுத்து. அடுத்த சொல். அர்த்தம் தெரியாத இடத்தில் நின்று கேட்டான். யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. அர்த்தத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த வரியில் யாரோ ஒருவர் தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு மாட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அவர் போன பிறகு மாட்டுக்கு என்னவோ ஆகிறது. என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள லயனலுக்கு ஒரே அவசரம். அவசரப்பட்டு மறுபடி தடுக்கி விழுந்தான். "மெதுவா, மாடு எங்கயும் போகாது" என்றான் ஜோயல். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது முதல் வரியின் கடைசிச் சொல்லை எட்டியிருந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டி, நிமிர்ந்து, வரி முழுவதையும் தொடக்கத்திலிருந்து ஒரே மூச்சில் வாசித்து, என்ன அர்த்தம் என்றும் சொன்னான்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் மேஜையைத் தட்டினார்கள். ஜோயல் இரண்டு கையாலும் தட்டினான். அவனுடைய தாளம் மற்றவர்களையும் பிடித்துக்கொண்டு, நிற்கவே இல்லை. சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, சூப் ஆறிப்போகிறது என்று கத்தினார்.

"ஒரு நிமிஷம்" என்றான் லயனல். "மாட்டுக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வரேன்." அடுத்த வரியில் விரலை வைத்தான்.